ஒல்லாந்தர் விட்டுச்சென்ற வீடு

திருவேங்கடம் என்றால் வெளியூர்க்காரர்கள் ஏழுமலையானைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம். சங்கரன்கோவில், கோவில்பட்டி, சிவகாசி மூன்றுக்கும் நடுவே கரிசல் காட்டுக்குள் இருக்கும் தாலுகா ஊர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது இதுவும் திருநெல்வேலியை விட்டுப் பிரிந்து கூடவே போனது. மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் குற்றாலச் சாரல் நினைவுக்கு வரும். இந்த ஊரோ வானம் பார்த்த பூமி.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறை பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட உறுப்பு. வீடு கட்டி ஒரு தலைமுறை கழிந்த பிறகு, பின்கட்டு மூலையிலோ மச்சுப்படிக்கு அடியிலோ மூன்றடிக்கு நாலடி ஒதுக்கி எழுப்பியிருப்பார்கள். அன்று அதைக் கட்டச் சொன்னவர்களுக்கு இன்று முழங்கால் மடங்குவதில்லை. அதனால் மகன்கள் கழிப்பறைப் பீங்கான் விற்கும் கடையேறி இப்படிக் கேட்கிறார்கள்:

“அண்ணாச்சி, அம்மாவுக்கு உக்காந்து எந்திரிக்கிற மாதிரி ஒண்ணு வேணும். இருக்கதே துளியூண்டு எடம். அடைச்சிக்கிடக் கூடாது.”

“பழைய கக்கூஸ்ல இந்தியன் கோப்பைதான கெடக்கு? டிராப்பு எஸ்ஸா, பீயா?”

கேட்டவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கடைக்காரர் சிரிக்கமாட்டார், அவருக்கு அது ஓர் ஆங்கில எழுத்து, அவ்வளவுதான்.

தொல்காப்பியருக்கு அப்படி இல்லை. எழுத்ததிகாரத்தில் ‘ஆ’ என்னும் சொல்லோடு ‘பீ’ என்னும் சொல் சேர்ந்தால் ‘ஆப்பி’ என்று குறுகும் என்று விதி சொல்ல வேண்டிய இடம் ஒன்று வருகிறது. மாட்டுச் சாணத்தைப் பற்றிய புணர்ச்சி விதி. அந்தச் சொல்லை அப்படியே எழுத அவருக்கு வாய் வரவில்லை. ஈகாரம் ஏறிய பகரம் என்று சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவை நடுவே சொல்லத்தகாததை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லதிகாரத்தில் விதி வகுத்தவர், தன் விதிக்குத் தானே கட்டுப்பட்டார். பிற்காலத்தார் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தார்கள். நன்னூல் இதைத் தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக வைக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதற்கு எடுத்துக்காட்டாக ‘கால் கழுவி வந்தேன்’ என்று நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். கழுவியது கால் இல்லை என்று தெரிந்தே எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம்.

அந்த எடுத்துக்காட்டு ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழில் செயலுக்கு மறைபெயர் உண்டு. இடத்துக்குப் பெயர் இல்லை. இடமே இல்லாதபோது பெயர் எப்படி இருக்கும்? இருந்தவை எல்லாம் திசைகள். ‘வெளிக்குப் போயிட்டு வாரேன்’, ‘வெளிக்கிருந்துட்டு வாரேன்’ என்பது தென்மாவட்டப் பேச்சு. தஞ்சாவூர்ப் பக்கம் ‘கொல்லைக்கு’. ஆறு உள்ள ஊரில் ‘ஆத்தங்கரைக்கு’, இல்லாத ஊரில் ‘ஓடைக்கு’, ‘கம்மாக்கரைக்கு’. கரிசலில் ‘காட்டுக்கு’ என்பார்கள். இங்கே காடு என்றால் மரங்கள் அடர்ந்த வனம் இல்லை. பருத்தியும் கம்பும் விதைக்கும் மானாவாரி நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் மறைவு கிடையாது. ஆண்கள் நினைத்த நேரத்தில் போனார்கள். பெண்கள் விடியுமுன்போ இருட்டிய பிறகோ போனார்கள். ‘ஒதுங்க’ என்ற சொல் பெண்கள் வாயில் அதிகம் புழங்கியது தற்செயல் இல்லை.

இப்படித் திசைகளை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்த மொழிக்குள், நான்கு சுவரும் கூரையும் உள்ள ஒன்றின் பெயர் முதன்முதலாகக் கடல் வழியாக வந்தது. கக்கூஸ்.

இதை ஆங்கிலம் என்று நினைப்பவர்கள் உண்டு. தமிழிலேயே ‘கக்கு’ என்ற வினையிலிருந்து பிறந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. வாய்க்கும் அதற்கும் நேர் எதிர்த் திசை என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இதை டச்சுச் சொல் என்று பதிவு செய்திருக்கிறது. ‘கக்’ என்றால் மலம், ‘ஹொய்ஸ்’ என்றால் வீடு. இரண்டும் சேர்ந்து மலவீடு. வீட்டைக் குறிக்கும் அந்தப் பின்பாதி தமிழ் வாயில் ‘கூஸ்’ ஆயிற்று.

அகராதி சொன்னது போதாது என்பவர்களுக்கு வரைபடம் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார், நம் முன்னோர் வாக்கில் ஒல்லாந்தர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் காலூன்றினார்கள். 1658இல் தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மூன்றையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடுங்கினார்கள். 1663இல் கொச்சி. அவர்களுடைய தலைமையிடம் ஜாவாத் தீவின் பட்டாவியா, இன்றைய ஜகார்த்தா. இப்போது சொல்லைத் தேடிப் பாருங்கள். தமிழில் கக்கூஸ். மலையாளத்திலும் கக்கூஸ். சிங்களத்தில் கக்குஸ்ஸிய. இந்தோனேசிய மொழியில் கக்குஸ். மூன்று வெவ்வேறு மொழிக்குடும்பங்களில் ஒரே சொல் கிடைக்கிறது. கிடைக்கும் இடமெல்லாம் ஒரே கம்பெனியின் கிட்டங்கி இருந்த இடம். சொல்லாராய்ச்சியில் இவ்வளவு ஒழுங்கான சாட்சியம் அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

ஒல்லாந்தர் தமிழுக்குக் கொடுத்தவை கொஞ்சம்தான். செம்புக்காசின் பெயரிலிருந்து துட்டு. பழத்தின் பெயராகப் பம்பளிமாஸ். ஈழத்தில் அலுவலகத்துக்குக் கந்தோர், பத்திரம் எழுதுபவருக்கு நொத்தாரிசு. பிறகு கக்கூஸ். அவர்களுக்கு முன் வந்த போர்ச்சுகீசியர் ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்று வீட்டின் முன்பாதியை எடுத்துக்கொண்டதால் ஒல்லாந்தருக்குப் பின்கட்டுதான் மிஞ்சியது போலும். கோப்பைகூடப் போர்ச்சுகீசியர் தந்ததுதான். யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணீர் குடிக்கும் கோப்பையும் திருவேங்கடத்துக் கடையில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் கோப்பையும் சொல்லளவில் ஒன்றுதான்.

தூத்துக்குடியில் ஒல்லாந்தர் முத்துக் குளிப்பில் பங்கு வாங்கினார்கள். உள்நாட்டுத் தறிகளிலிருந்து துணி கொள்முதல் செய்தார்கள். அவர்களுடைய பண்டகசாலைக்குள் போய்வந்த எழுத்தர்கள், துபாஷிகள், சுமைக்காரர்கள் மூலம் இந்தச் சொல் வெளியே வந்திருக்க வேண்டும். 1825இல் தூத்துக்குடி முழுக்க ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆட்கள் போனார்கள், சொல் தங்கிவிட்டது. 1866இல் தூத்துக்குடி, திருநெல்வேலி, பாளையங்கோட்டை நகராட்சிகள் வந்தன. பொதுக் கழிப்பிடம் என்ற ஒன்றை ஊர் முதல்முறையாகக் கண்டது. அதற்கு ஊரார் தயாராக வைத்திருந்த பெயர் இதுதான். நகராட்சி ஆங்கிலத்தில் ‘லேட்ரின்’ என்று எழுதியது; தெரு ‘கக்கூஸ்’ என்றது. ஒல்லாந்து நாட்டிலோ அந்தச் சொல் கொச்சையாகிப் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிட்டது. அங்கே இப்போது ‘வேசே’ என்கிறார்கள்; டபிள்யூ.சி. என்ற ஆங்கில எழுத்துகளின் டச்சு உச்சரிப்பு.

தமிழ்நாட்டிலும் இன்று இந்தச் சொல்லை நாலு பேர் நடுவே சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஏன்? ‘கக்’ என்றால் என்ன என்று நம்மில் யாருக்கும் தெரியாது. ஒலியில் தீட்டு இல்லை. பொருள் தெரியாத அயற்சொல் இடக்கரடக்கலுக்கு மிகவும் தோது; அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது. அது கெட்டது வேறு காரணத்தால். நகரங்களில் கட்டப்பட்டது எடுப்புக் கக்கூஸ். தண்ணீர் கிடையாது, குழி கிடையாது. கீழே தகரமோ வாளியோ இருக்கும். பின்பக்கச் சந்தின் வழியாக வந்து ஒருவர் அள்ளிச் செல்ல வேண்டும். அந்த ஒருவர் எந்தச் சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்பதை ஊர் முன்பே தீர்மானித்துவைத்திருந்தது. வீட்டின் முன்வாசலை அவர் பார்த்ததில்லை. அந்தச் சந்துக்கும் அந்த வேலைக்கும் அந்த மனிதருக்கும் சேர்த்து ஊர் காட்டிய அருவருப்பு முழுவதும் சொல்லின் தலையில் இறங்கியது. உலர் கழிப்பிடம் கட்டுவதையும் மனிதரை வைத்து அள்ளுவதையும் தடை செய்த மத்தியச் சட்டம் 1993இல்தான் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று. அதன் பிறகும் 2017இல் திவ்யபாரதி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டியிருந்தது. அவர் படத்துக்கு வைத்த பெயர் ‘கக்கூஸ்’. நாகரிகமான பெயர் எதையாவது வைத்திருந்தால் அது அந்தப் படத்துக்குப் பொய்யாகியிருக்கும்.

சொல் கெட்டதும் மாற்றுச் சொற்கள் வரிசைகட்டின. கழிப்பிடம், கழிப்பறை, கழிவறை. இவற்றில் என் ஓட்டு கழிப்பறைக்கு. கழிவறை என்றால் கழிவு கிடக்கும் அறை. கழிப்பறையில் ஒரு மனிதர் இருக்கிறார், ஒரு செயலைச் செய்துவிட்டு வெளியே வருகிறார். ‘கழி’ நல்ல வினையும்கூட. பொழுதும் கழியும், கணக்கிலும் கழிப்போம். இலங்கை அரசின் பலகைகளில் மலசலகூடம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கும். தொல்காப்பியர் பார்த்தால் திகைத்துப்போவார். இங்கே அரசாங்கம் வேறு மாதிரி. 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தில் வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்துக் கட்டவைத்ததன் கோப்புப் பெயர் ‘தனிநபர் இல்லக் கழிப்பறை’. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒன்று கட்டிவிட்டு, அதைத் தனிநபர் என்று சொல்ல அரசாங்கத்தால்தான் முடியும். ஊரில் யாரும் இந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘கவர்மெண்டு பாத்ரூம்’ என்கிறார்கள், அதில் குளிக்க முடியாது என்றாலும்.

பாத்ரூம் என்பது அடுத்த மறைப்பு. குளிக்கும் அறையின் பெயரைச் சொல்லிக் குளிக்காத காரியத்துக்குப் போவது. கால் கழுவுவதன் ஆங்கில அவதாரம் என்று வைத்துக்கொள்ளலாம். டாய்லெட் இன்னும் சுற்றுவழி. பிரெஞ்சில் ‘துவால்’ என்றால் துணி. ‘துவாலெத்’ என்றால் சிறு துணி. அலங்கார மேசைமேல் விரித்த துணி, பிறகு அந்த மேசை, பிறகு அங்கே நடக்கும் ஒப்பனை, பிறகு ஒப்பனைக்கான அறை, கடைசியில் இந்த அறை. கம்மோடு என்பதும் பிரெஞ்சுதான். ‘வசதியானது’ என்று பொருள். இழுப்பறை வைத்த பெட்டிக்குப் பெயராக இருந்து, படுக்கையறையில் இரவுக்கலம் மறைத்துவைக்கும் பெட்டிக்குப் போய், அங்கிருந்து நம் பீங்கானுக்கு வந்தது. குளோசெட் என்றால் சிறு அடைப்பு. 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் வளைந்த குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் அந்தச் சிறு அடைப்பை வீட்டுக்குள் கொண்டுவர முடிந்தது.

கவனித்துப் பார்த்தால், தமிழன் வாயில் புழங்கிய பெயர்கள் ஒரே போக்கில் சுருங்கி வந்திருக்கின்றன. காடு, கொல்லை, பிறகு கக்கூஸ் என்னும் தனி வீடு, பிறகு கழிப்பறை என்னும் அறை, கடைசியில் கோப்பை என்னும் பொருள். ‘டாய்லெட் பார்க்கப் போறோம்’ என்று இன்று ஒருவர் சொன்னால் அறையைப் பார்க்கவா, கடையில் பீங்கானைப் பார்க்கவா என்று சந்தர்ப்பத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கடைக்காரர் கேட்ட கேள்விக்கு வருவோம். எஸ், பி என்பவை அந்த வளைகுழாயின் வடிவங்கள். எஸ் தரைக்குள் இறங்கும். பி பின்சுவர் வழியாக வெளியே போகும். இடம் மிச்சமாகுமா ஆகாதா என்பது கோப்பையின் விளம்பரப் படத்தைவிட இந்த எழுத்தில்தான் இருக்கிறது. குத்தவைக்கும் கோப்பையின் துளை பெரும்பாலும் பின்சுவரை விட்டுத் தள்ளி இருக்கும். எஸ் வகைக் கோப்பைகளோ சுவரிலிருந்து 4, 9, 12 அங்குலத்தில் துளை இருக்க வேண்டும் என்று வரும். இங்கே கடைகளில் அதிகம் நிற்பது 9. பழைய துளைமேல் அப்படியே புதியதை உட்கார வைத்தால் பின்னால் வீணாக ஒரு சந்து விழும், முன்னால் ஆச்சியின் முட்டி கதவில் இடிக்கும். தரையை உடைத்துக் குழாயைச் சுவர் பக்கம் தள்ளாமல் வேறு வழி இல்லை. அளவெடுப்பது பூசிய சுவரிலிருந்து இல்லை, டைல்ஸ் ஒட்டிய பிறகு வரும் சுவரிலிருந்து. இந்த முக்கால் அங்குலத்தில் சண்டை போட்டுக்கொண்ட கொத்தனார்களும் பிளம்பர்களும் அநேகம். பின்கட்டு மூலையில் இருக்கும் அறைக்கு ஒரு சௌகரியம் உண்டு: பின்சுவர் வெளிச்சுவர். பி வகையை வைத்துச் சுவரைத் துளைத்து வெளியே உள்ள தொட்டியில் விட்டுவிடலாம்.

மூன்றடிக்கு நாலடி என்று பழைய கொத்தனார்கள் போட்ட கணக்கு வாய்ப்பழக்கம்தான். ஆனால் தேசியக் கட்டட விதித் தொகுப்பு கழிப்பறைக்குக் குறைந்தது 1.1 சதுர மீட்டரும் 0.9 மீட்டர் அகலமும் கேட்கிறது. மூன்றுக்கு நாலு போட்டுப் பாருங்கள், மயிரிழையில் தேறிவிடும். அந்த 48 அங்குல நீளத்தில், தொட்டியும் கோப்பையும் ஒன்றாக வார்த்த ‘ஒன் பீஸ்’ 26 முதல் 28 அங்குலம் பிடிக்கும். சுவரில் தொங்கும் வகையில் குட்டையானது 20 அங்குலத்திலேயே கிடைக்கிறது. எட்டு அங்குலம் லாபம் என்று கடையில் சொல்வார்கள். முழுசாக நம்ப வேண்டாம். தண்ணீர்த் தொட்டி சுவருக்குள் ஒளிந்திருக்க 3 முதல் 5 அங்குலக் கனம் வேண்டும். 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் குடைந்து வைக்கலாம். நாலரை அங்குலச் சுவர் என்றால் முன்னால் இன்னொரு குட்டைச் சுவர் எழுப்ப வேண்டும்; அதற்கே 6 அங்குலம் போய்விடும். கரிசல் மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குவது. இங்கே மெலிந்த சுவர்கள் ஏற்கெனவே வாய் பிளந்து நிற்பவை. அவற்றைக் குடைவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால், முதலில் உள்பக்கம் திறக்கும் கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டச் சொல்வேன். கீல் செலவோடு முடிந்துவிடும். கிடைக்கும் இடம் எந்தக் கோப்பை தருவதைவிடவும் அதிகம்.

தண்ணீரும் ஒரு கணக்கு. பழைய தொட்டிகள் ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டின. இப்போது வருபவை 6, 3 என்று இரட்டைப் பொத்தான் உள்ளவை. கிராமங்களுக்கென்று வடிவமைத்த செங்குத்துச் சரிவுக் கோப்பைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். திருவேங்கடம் மாதிரி ஊரில் இரண்டாவது குடத்துக்கு நிற்பவர்களுக்குத் தெரியும், அந்த வித்தியாசத்தின் அருமை.

கடைப் பட்டியலில் உள்ள பெயர்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. குத்தவைக்கும் கோப்பைக்கு வியாபாரப் பெயர் ‘ஒரிசா பேன்’. 2011இல் அந்த மாநிலம் தன் பெயரை ஒடிசா என்று சட்டப்படி மாற்றிக்கொண்டது, கோப்பை மாற்றிக்கொள்ளவில்லை. உட்காரவும் செய்யலாம், விளிம்பில் கால்வைத்துக் குத்தவைக்கவும் செய்யலாம் என்று இரண்டுங்கெட்டானாக ஒன்று வருமே, அது ‘ஆங்கிலோ இந்தியன்’. அந்தச் சமூகத்தார் இதைக் கேட்டுச் சிரித்தார்களா கோபித்தார்களா தெரியாது. தொட்டி கோப்பையோடு நெருங்கி ஒட்டியிருப்பதை ஆங்கிலத்தில் ‘குளோஸ் கப்பிள்டு’ என்பார்கள். நம் கடைகளில் அது ‘கப்பிள் குளோசெட்’ ஆகி, தம்பதியருக்கானது என்ற மயக்கத்தைத் தருகிறது. பழைய வீடுகளில் ‘நெய்சர்’ என்று முத்திரை தெரியும். நெய்வேலியின் களிமண்ணை வைத்து வடலூரில் சுட்டது, ஊர்ப்பெயரும் செராமிக் என்ற சொல்லும் சேர்ந்த கலவை. ‘பாரிவேர்’ ராணிப்பேட்டைச் சரக்கு. அந்தப் பாரி பறம்புமலைப் பாரி இல்லை. 1788இல் சென்னைக்கு வந்து கடைவிரித்த வேல்ஸ்காரர் தாமஸ் பாரி. சென்னையின் பாரிமுனையும் அவரால் வந்ததே. 1824இல் அவர் இறந்தது காலராவில். கழிவு கலந்த தண்ணீரால் பரவும் நோய்க்குப் பலியானவரின் பெயர், கழிவைப் பத்திரமாகக் கொண்டுபோகும் பீங்கானில் ஏறியது.

சுவரில் தொங்குவதற்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. பெட்டியில் ‘வால் ஹங்’ என்று இருக்கிறது. பிளம்பர்கள் ‘ஹேங்கிங்’ என்கிறார்கள். ஆச்சிகளுக்கு அந்தரத்தில் நிற்கும் பீங்கானில் உட்கார அச்சம். முறையாகப் பொருத்தினால் 400 கிலோ தாங்கும் என்று சோதித்துத்தான் விற்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னாலும், “தரையில நிக்கிறதா ஒண்ணு குடுங்கய்யா” என்பதுதான் பதிலாக வருகிறது. இப்போதைக்கு அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘தொங்குறது’.